மரவள்ளி மாவு வளையத்துக்குள் நைட்ரோசோ போனால் என்ன ஆகும்?

ரானிடிடின் மாத்திரையை மறந்திருக்க மாட்டீர்கள். நெஞ்செரிச்சல்னா மருந்துக்கடையில் முதலில் எடுத்துத் தந்தது அதைத்தான். 2019-ல் அதில் என்-நைட்ரோசோடைமெத்திலமீன் (சுருக்கமாக என்.டி.எம்.ஏ.) இருப்பது தெரியவந்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் பொருள். ஒரு நாளைக்கு 96 நானோகிராம்தான் வரம்பு. 2020 ஏப்ரலில் அமெரிக்கா அந்த மருந்தைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது போனது. சூட்டில் வைத்தால் மாத்திரைக்குள்ளேயே இது கூடிக்கொண்டு போகும் என்பதுதான் பெரிய சிக்கல். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கத்து ஆட்களுக்கு இது சின்ன விஷயமா?

நைட்ரோசமின் பிறக்கும் வழக்கமான வழி எளிது. இரண்டாம்நிலை அமீன் ஒன்று வேண்டும், கொஞ்சம் நைட்ரைட் வேண்டும், அமிலம் வேண்டும். அமிலத்தில் நைட்ரைட் நைட்ரஸ் அமிலமாகி, அதிலிருந்து வரும் நைட்ரோசோ குழு அமீனின் நைட்ரஜனில் போய் ஒட்டிக்கொள்ளும்.

சரி, இதுல சைக்ளோடெக்ஸ்ட்ரின் எங்க வருது?

அது ஸ்டார்ச்சிலிருந்து ஒரு நொதி செய்து தரும் குளுக்கோஸ் வளையம். நம்ம சேலத்து ஜவ்வரிசிக்கு அரைக்கும் மரவள்ளி ஸ்டார்ச்சிலிருந்தும் செய்யலாம். ஆல்ஃபாவில் 6 குளுக்கோஸ், பீட்டாவில் 7, காமாவில் 8. அடியில்லாத டம்ளர் மாதிரி வடிவம். வெளிப்பக்கம் தண்ணீரோடு சேரும். உட்பக்கம் எண்ணெய்ப் பசையுள்ளதை விரும்பும். பீட்டாவின் குழி சுமார் 0.6 நானோமீட்டர் அகலம், ஒரு பென்சீன் வளையம் உட்காரும் அளவு.

இந்த டம்ளர் வினையை மாற்றுவது இரண்டு விதமாக. அமீனின் நைட்ரஜன் குழிக்குள் ஒளிந்துகொண்டால், வெளியே தண்ணீரில் இருக்கும் நைட்ரோசோ கொடுக்கும் பொருளுக்கு அது எட்டாது; வினை மந்தமாகும். காரக் கரைசலில் கதை வேறு. பி.எச். 12-ஐத் தாண்டும்போது டம்ளரின் விளிம்பில் உள்ள ஹைட்ராக்சில் குழுக்கள் புரோட்டானை இழந்து தாங்களே தாக்க ஆரம்பிக்கும். தாக்க வேண்டிய இடம் விளிம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றால் வினை வேகமெடுக்கும். ஸ்பெயினின் லா கொருன்யா பல்கலைக்கழகத்தில் ஆல்கைல் நைட்ரைட்டுகளை வைத்து இதை அளந்திருக்கிறார்கள்.

இடம் எவ்வளவு முக்கியம்? 1960களில் மைரன் பெண்டர் குழு ஃபீனைல் எஸ்டர்களில் காட்டியது: பக்கக்கிளை மெட்டா இடத்தில் இருந்தால் வேகம் 200 மடங்குக்கு மேல், அதே கிளை பாரா இடத்தில் என்றால் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. அதே டம்ளர், அதே கிளை. உட்காரும் விதம்தான் வேறு.

அதனால் "சைக்ளோடெக்ஸ்ட்ரின் போட்டா நைட்ரோசமின் போயிடும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். என்.டி.எம்.ஏ. ரொம்பப் பொடி மூலக்கூறு, தண்ணீரில் நன்றாகக் கரையும். குழிக்குள் இறுக உட்காராது. போதாததற்கு, மாத்திரையில் சேர்க்கும் துணைப்பொருட்களிலேயே நைட்ரைட் துளித்துளியாக இருக்கும். சைக்ளோடெக்ஸ்ட்ரினும் ஒரு துணைப்பொருள்தான், அதையும் சோதித்துத்தான் சேர்க்க வேண்டும்.

வளையம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. எந்த மூலக்கூறு, எந்தப் பக்கம் உள்ளே, எந்த பி.எச்.? இந்த மூன்றும் தெரிந்தால்தான் பதில். அதுவரைக்கும் நம்மால் முடிந்தது, மாத்திரை டப்பாவை வெயில் படும் ஜன்னலோரத்திலிருந்து எடுத்து வைப்பது. டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்தவும் வேண்டாம்.