காட்சிக்குள் அடங்காத விண்கழிவு: ‘கிராவிட்டி’ திரைப்படமும் மெய்ந்நிலையும்

முன்னுரை

பயன்பாடு முடிந்த செயற்கைக்கோள்கள், கைவிடப்பட்ட ஏவூர்திப் பகுதிகள், இவை வெடித்தும் மோதியும் சிதறிய துண்டுகள் ஆகியவை விண்வெளிக் கழிவுகள் எனப்படுகின்றன. இவற்றைக் கதையின் மையமாகக் கொண்ட திரைப்படங்களுள் அல்ஃபோன்ஸோ குவாரோன் இயக்கிய ‘கிராவிட்டி’ (2013) குறிப்பிடத்தக்கது. இப்படத்தில் அறிவியல் பிழைகளைத் தேடிப் பட்டியலிடுவது எளிது. அப்பிழைகள் திரைக்கலைக்கு ஏன் தேவைப்பட்டன என்பதையும், பார்வையாளரின் புரிதலை அவை எத்திசையில் நகர்த்துகின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மோதலின் காரணம்

ரஷ்யா தனது செயற்கைக்கோளை ஏவுகணையால் தகர்க்கிறது. அதன் துண்டுகள் பிற கோள்களைத் தாக்க, அவை மேலும் துண்டுகளாகின்றன. படத்தின் கதை இவ்வாறு தொடங்குகிறது. மோதல் மோதலைப் பெருக்கும் என்ற இக்கருத்தை டொனால்டு கெஸ்லரும் பர்ட்டன் கூர்-பாலேயும் 1978இல் ஓர் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். படம் வருவதற்கு முன்னரே, 2007இல், சீனா தனது ஃபெங்யுன்-1சி கோளைத் தகர்த்து, கண்காணிக்கத்தக்க 3,000க்கும் மேற்பட்ட துண்டுகளை உண்டாக்கியிருந்தது. 2019 மார்ச் 27 அன்று இந்தியா நடத்திய சோதனை ஏறத்தாழ 300 கி.மீ. உயரத்தில் நிகழ்ந்தமையால் அதன் துண்டுகளில் பெரும்பாலானவை விரைவில் வளிமண்டலத்தில் வீழ்ந்தன. எனினும் சில துண்டுகள் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் உயரத்துக்கும் அப்பால் வீசப்பட்டன.

திரைக்கதையை மிக நெருங்கிய நிகழ்வு 2021 நவம்பர் 15 அன்று நடந்தது. ரஷ்யா தனது காஸ்மோஸ் 1408 கோளை ஏவுகணையால் தகர்த்தது; கண்காணிக்கத்தக்க துண்டுகள் மட்டும் 1,500ஐத் தாண்டின. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்த எழுவரும் தத்தம் கலங்களுக்குள் புகுந்து கதவடைத்துக் காத்திருந்தனர். நிலையம் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை அத்துண்டுத் திரளை அணுகியது. படத்திலும் இடைவெளி 90 நிமிடங்களே. காரணத்தைப் பொறுத்தவரை புனைவு நிகழ்வை முந்திக்கொண்டது எனலாம்.

கண்ணுக்குத் தெரியாத வேகம்

புனைவும் மெய்ந்நிலையும் பிரியும் இடம் காட்சிப்படுத்தல் ஆகும். ஒலியில் படம் நேர்மையாகவே நடந்துகொள்கிறது: வெற்றிடத்தில் மோதல்கள் ஓசையின்றி நிகழ்கின்றன, உடலைத் தொடும் அதிர்வும் பின்னணி இசையுமே கேட்கின்றன. ஆனால் துண்டுகள் மழைபோல வருவதைக் கதைமாந்தரும் பார்வையாளரும் கண்ணால் காண்கின்றனர். தாழ்நிலைச் சுற்றுப்பாதையில் ஒன்றையொன்று குறுக்கிடும் இரு பொருள்களின் சார்பு வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 10 கி.மீ. அளவில் அமைகிறது. விநாடிக்கு 24 சட்டகங்கள் கொண்ட திரைப்படத்தில், ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அத்துண்டு 400 மீட்டருக்கும் மேல் கடந்துவிடும். மெய்யான விண்கழிவைத் திரையில் காட்ட முயன்றால் முதற்சட்டகத்தில் ஒன்றும் இராது. அடுத்ததில் சேதம் மட்டும் இருக்கும்.

சிறுமையும் அதை மறைக்கிறது. 1983இல் சேலஞ்சர் விண்ணோடத்தின் சாளரக் கண்ணாடியைக் குழியாக்கியது ஒரு வண்ணப்பூச்சுத் துகள். கண்ணாடியை மாற்ற வேண்டியதாயிற்று. 10 செ.மீ.க்கு மேற்பட்ட துண்டுகளைக் கண்காணித்து விலகிச் செல்லலாம், 1 செ.மீ.க்குக் குறைந்தவற்றை நிலையத்தின் கேடயங்கள் பெரும்பாலும் தாங்கும். இரண்டுக்கும் இடைப்பட்டவையே உண்மையான அச்சம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீட்டில் அவை பத்து லட்சத்துக்கும் மிகுதி. படமோ பெரிய துண்டுகளையே விரும்புகிறது. 2021 மே மாதம் பன்னாட்டு நிலையத்தின் கனடிய இயந்திரக் கையில் ஒரு சிறு துளை கண்டறியப்பட்டபோது, அது எப்போது விழுந்தது என்றுகூட எவருக்கும் தெரியவில்லை; கை வழக்கம்போல் இயங்கியது. ‘கிராவிட்டி’யின் நாயகி ரயன் ஸ்டோன் சீன நிலையத்தின் ஷென்சோ கலத்தில் ஏறிப் புவிக்கு மீள்கிறார். 2025 நவம்பரில் மெய்யான ஷென்சோ-20 கலத்தின் சாளரத்தில் நுண்விரிசல்கள் காணப்பட்டன; விண்கழிவு மோதியிருக்கலாம் எனக் கருதப்பட்டது. அதில் திரும்பவிருந்த மூவர் ஒன்பது நாள் தாமதித்து வேறொரு கலத்தில் திரும்பினர். திரைக்கதைக்குப் பயன்படாத அளவுக்கு அமைதியான நிகழ்வு அது.

காலம்

மிகப் பெரிய திரிபு காலத்தில் உள்ளது. படத்தின் ஓட்டநேரம் 91 நிமிடங்கள். பேரழிவும் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கெஸ்லரின் கணிப்போ பல பத்தாண்டுகளில் அளக்கப்படுவது. துண்டுத் திரள் முதற் சில சுற்றுகளில் மட்டுமே திரளாக இருக்கும். பின்னர் அது பாதை நெடுகப் பரவி வளையமாகும். புவியின் நடுப்பகுதிப் பருமனால் ஒவ்வொரு துண்டின் பாதைத்தளமும் வெவ்வேறு வீதத்தில் திரும்ப, காலப்போக்கில் புவியைச் சூழ்ந்த உறையாகும். 90 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் புயல் நீடிக்காது. எந்நேரமும் நிகழக்கூடிய, ஆனால் அரிதான ஒரு வாய்ப்பே எஞ்சும். 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே இரிடியம் 33, காஸ்மோஸ் 2251 ஆகிய கோள்கள் ஏறத்தாழ 790 கி.மீ. உயரத்தில் மோதின. அவ்வுயரத்துத் துண்டுகள் பல பத்தாண்டுகள், சில நூற்றாண்டுகள்கூடச் சுற்றும்.

இத்திரிபு தீர்வு பற்றிய கற்பனையையும் பாதிக்கிறது. கழிவு புயலாகத் தோன்றினால், அதை வெல்லும் வீரர் தேவைப்படுகிறார். ‘ஸ்பேஸ் ஸ்வீப்பர்ஸ்’ (2021) என்ற கொரியத் திரைப்படத்தில் கழிவை வேட்டையாடி விற்கும் கலக்குழு தோன்றுவது இதன் தொடர்ச்சியே. மெய்யான பணி பெரும்பாலும் எழுத்தரின் பணியைப் போன்றது. 2011இல் ஏவப்பட்ட மேகா-டிராபிக்ஸ்-1 என்ற இந்திய-பிரெஞ்சுக் கோள், விட்டுவிட்டால் ஏறத்தாழ 870 கி.மீ. உயரத்தில் நூறாண்டுகளுக்கு மேல் சுற்றியிருக்கும். எஞ்சிய எரிபொருள் ஒருநாள் அதை வெடிக்கச் செய்திருக்கவும் கூடும். இஸ்ரோ அந்த எரிபொருளைக் கொண்டே 2022 ஆகஸ்ட் முதல் அதன் பாதையைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தியது. இருபது அளவில் பாதைத் திருத்தங்கள் தேவைப்பட்டன. 2023 மார்ச் 7 அன்று, ஆளில்லாத பசிபிக் கடற்பரப்பின் மேல், அது எரிந்து வீழ்ந்தது.