வெள்ளரிக்காய்க்குப் பாட்டு எழுதியவரும் அவரை மேடையேற்றியவரும்

ஆக்ரா நகரின் கடைத்தெருவிலே வெள்ளரிக்காய் விற்கும் ஒருவன், காலை முதல் கூவிக் கூவித் தொண்டை வறண்டு நிற்கிறான். வாங்குவார் யாருமில்லை. தன் காயைப் புகழ்ந்து ஒரு பாட்டு இருந்தால் வியாபாரம் சூடு பிடிக்கும் என்று அவனுக்குத் தோன்றுகிறது. கற்றறிந்த கவிஞர்களை நாடிச் செல்கிறான். ‘வெள்ளரிக்காய்க்குக் கவிதையா?’ என்று அவர்கள் விரட்டிவிடுகிறார்கள். இறுதியில் நஸீர் என்னும் கவிஞரிடம் போகிறான். அவர் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுக்கிறார். பாட்டும் பரவுகிறது, காயும் விற்றுத் தீர்கிறது.

வாசக நேயர்களே! இவ்வளவுதான் ‘ஆக்ரா பாஜார்’ நாடகத்தின் கதை. நஸீர் அக்பராபாதி 18ஆம் நூற்றாண்டில் பிறந்து வாழ்ந்த உர்தூக் கவிஞர். தெருவில் புழங்கும் சொற்களில் பாடினார் என்பதற்காகவே பண்டிதர்கள் நெடுங்காலம் அவரை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. இந்த நாடகத்தில் அவர் ஒரு காட்சியிலும் தோன்றுவதில்லை. அவருடைய பாட்டுகள் மட்டும் கடைத்தெருவெங்கும் ஒலிக்கின்றன. 1954ஆம் ஆண்டு டில்லியில் இதனை எழுதி அரங்கேற்றியவர் ஹபீப் தன்வீர். நடித்தவர்கள் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் மாணவர்களும் ஆசிரியர்களும், பக்கத்து ஓக்லா கிராமத்து மக்களுமே. அப்போது ஹபீபுக்கு வயது 30. கற்றவர்கள் தள்ளி வைத்த சொல்லுக்கு மேடையில் இடம் கேட்டு அவர் பின்னர் நடத்திய நீண்ட போராட்டத்தின் முதல் அடி இதுவே எனலாம்.

ஹபீப் அஹ்மத் கான் என்பது அவரது இயற்பெயர். 1923 செப்டம்பர் முதல் நாள் ராய்ப்பூரில் பிறந்தார். தந்தையார் பெஷாவரிலிருந்து வந்து குடியேறியவர். ‘ஒளியூட்டுதல்’ எனப் பொருள்படும் ‘தன்வீர்’, கவிதைக்காக ஹபீப் சூட்டிக்கொண்ட புனைபெயர். நாக்பூரில் பட்டம் பெற்று, அலீகரில் ஓராண்டு மேற்படிப்புப் படித்துவிட்டு, 1945இல் பம்பாய் சென்றார். அங்கே வானொலியில் பணிபுரிந்தார், திரைப்படங்களுக்குப் பாட்டெழுதினார், நடித்தார். இந்திய மக்கள் நாடக மன்றத்திலும் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்திலும் சேர்ந்து உழைத்தார். திரையுலகிலேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருப்பார். ஆனால் மனம் நாடகத்தையே நாடியது.

1955இல் இங்கிலாந்து சென்றார். லண்டனின் ராயல் நாடகக் கலைக்கழகத்தில் நடிப்பும், பிரிஸ்டலில் இயக்கமும் கற்றார். ஐரோப்பாவைச் சுற்றி வருகையில் பெர்லின் நகரில் சில மாதங்கள் தங்கி, ஜெர்மானிய நாடக மேதை பிரெக்ட்டின் குழுவினர் நடித்த நாடகங்களைத் தொடர்ந்து பார்த்தார். பிரெக்ட் அப்போதுதான் மறைந்திருந்தார். இத்தனையும் கற்றவர் தாயகம் திரும்பி என்ன செய்தார் தெரியுமா? ராய்ப்பூர் மைதானத்தில் விடிய விடிய நடந்த ‘நாச்சா’ என்னும் கூத்தைப் பார்த்துச் சொக்கிப் போனார்! நம் தெருக்கூத்தைப் போல ஆட்டமும் பாட்டும் கேலியும் கலந்த சத்தீஸ்கர் வட்டாரக் கலை அது. அதில் ஆடிய ஆறு கலைஞர்களை டில்லிக்கே அழைத்து வந்து, சூத்ரகரின் ‘மிருச்சகடிகம்’ என்னும் பழைய சமஸ்கிருத நாடகத்தை ‘மிட்டீ கீ காடீ’ என்ற பெயரில் 1958இல் நடத்தினார். மறு ஆண்டு, பின்னாளில் அவருடைய துணைவியாரான மோனிகா மிஸ்ராவுடன் சேர்ந்து ‘நயா தியேட்டர்’ குழுவைத் தொடங்கினார்.

இங்கேதான் சோதனை ஆரம்பமாயிற்று. ஊர் மைதானத்தில் இரவெல்லாம் மக்களைச் சிரிக்க வைத்த அதே கலைஞர்கள் டில்லி மேடையில் மரம்போல் நின்றார்கள். பயிற்சி போதவில்லையோ என்றே ஹபீப் முதலில் எண்ணினார். திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். பலன் இல்லை. குறை அவர்களிடம் இல்லை, தம்மிடமே என்று தெளிவதற்கு அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. தாய்மொழியான சத்தீஸ்கரியில் சிந்திக்கும் மனிதரை ஹிந்தியில் பேசு என்றார். சுற்றி அமர்ந்திருக்கும் கூட்டத்தின் நடுவே தன் போக்கில் ஆடிப் பழகியவரை இத்தனை அடி நடந்து இந்த இடத்தில் நில் என்று கோடு கிழித்தார். லண்டனில் கற்ற பாடம் இந்த மண்ணின் கலைஞனுக்கு விலங்காகிவிட்டது. இதனை ஒளிக்காமல் பின்னாளில் அவரே பலமுறை எடுத்துரைத்திருக்கிறார். மெத்தப் படித்தவர்களிடம் எளிதில் காணக் கிடைக்காத பண்பு அல்லவா இது?

1970க்குப் பிறகு முறையை அடியோடு மாற்றினார். அவரவர் மொழியில் பேசவும், தோன்றியபடி அசையவும் விட்டார். காட்சி உருவான பிறகே அதனைச் செப்பனிட்டார். 1973இல் ராய்ப்பூரில் நடத்திய நாச்சாப் பயிலரங்கிலிருந்து, மூன்று பழைய கூத்துக் கதைகளை இணைத்த ‘காவ்ன் கா நாம் ஸஸுரால், மோர் நாம் தாமாத்’ பிறந்தது. கட்டுண்டிருந்த கலைஞர்கள் கட்டறுத்து ஆடினார்கள். டில்லி ரசிகர்கள் புரியாத வட்டாரமொழியையும் ரசித்துப் பார்த்தார்கள்.

அடுத்து வந்ததுதான் ‘சரண்தாஸ் சோர்’ (1975). ராஜஸ்தானி எழுத்தாளர் விஜய்தான் தேத்தா எழுதிய நாட்டுக்கதை அதன் மூலம். திருடன் ஒருவன் குருவின் முன் விளையாட்டாகச் சில சத்தியங்கள் செய்கிறான்: பொன்தட்டில் உண்ணமாட்டேன், யானைமீது ஊர்வலம் போகமாட்டேன், அரசியை மணக்கமாட்டேன், அரசனாகமாட்டேன். ‘திருடனுக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கப் போகிறது?’ என்ற தைரியம்! குருவோ, பொய் சொல்லாதே என்று இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறார். பிறகு நடப்பதுதான் வேடிக்கை. கிடைக்காது என்று நினைத்தவை எல்லாம் ஒவ்வொன்றாக வாசல் தேடி வருகின்றன. சொன்ன சொல்லைக் காப்பாற்றி, கடைசியில் அதற்காகவே உயிரையும் விடுகிறான். சிரித்துக்கொண்டே பார்த்தவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். இந்நாடகம் 1982இல் எடின்பரோ நாடக விழாவில் ‘ஃப்ரிஞ்ச் ஃபர்ஸ்ட்’ விருது பெற்றது. சத்தீஸ்கர் கிராமத்துக் கலைஞர்களை அயல்நாட்டார் எழுந்து நின்று பாராட்டினார்கள்.

பிரெக்ட்டின் நாடகத்தையும் ஷேக்ஸ்பியரின் நாடகத்தையும்கூட இக்கலைஞர்களைக் கொண்டே நடத்திக் காட்டினார் ஹபீப். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. பத்திரிகைகள் ஹபீபின் பெயரை எழுதிய அளவுக்குத் தாக்கூர் ராம், மதன்லால், ஃபிதா பாய் போன்றோரின் பெயர்களை எழுதவில்லை. கோவிந்த் ராம் நிர்மல்கருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2009இல்தான்!

ஹபீபுக்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. தீண்டாமையைச் சாடும் ‘போங்கா பண்டித்’ அவர் எழுதியதன்று. நாச்சாக் கலைஞர்கள் பல தலைமுறையாக ஆடிவந்த பழைய கூத்து. ஆயினும் ஹபீப் என்ற பெயருடையவர் அதனை மேடையேற்றலாமா என்று சிலர் கிளம்பினார்கள். 1992க்குப் பின் தொடங்கிய தாக்குதல்கள் 2003இல் மத்தியப் பிரதேசத்தில் உச்சத்தை எட்டின. காட்சிகளின் நடுவே கூச்சலிட்டுக் கலைத்தார்கள். எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஹபீப் நாடகத்தை நிறுத்த மறுத்தார். அதே பயணத்தில் அவர் நடத்திய மற்றொரு நாடகம், அஸ்கர் வஜாஹத் எழுதிய ‘ஜிஸ் லாஹோர் நஹீ தேக்யா’. பிரிவினையின்போது லக்னோவிலிருந்து லாஹோர் சென்ற முஸ்லிம் குடும்பம், தங்களுக்கு ஒதுக்கப்பட்ட வீட்டைவிட்டுப் போக மறுக்கும் ஹிந்து மூதாட்டி ஒருவரைத் தாயாக ஏற்கும் கதை.

மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி (1972-78), பத்மஸ்ரீ, பத்மபூஷண் எனச் சிறப்புகள் பல வந்தன. ‘காந்தி’ முதல் ‘பிளாக் அண்ட் ஒயிட்’ வரை திரைப்படங்களிலும் முகம் காட்டினார். துணைவியார் 2005இல் மறைந்தார். மகள் நகீன் குழுவில் பாடியும் நடித்தும் வந்தார்.

2009 ஜூன் 8ஆம் நாள் போபாலில் ஹபீப் தன்வீர் தமது 85ஆம் வயதில் காலமானார். தம் வரலாற்றைப் பல பாகங்களாக எழுத எண்ணியிருந்தார். முதல் பாகத்தை மட்டுமே எழுதி முடித்திருந்தார். அது அவரது இளமைக் காலத்தோடு நின்றுவிடுகிறது. ராய்ப்பூர் மைதானத்துக் கலைஞர்கள் ஆறு பேர் அவருடன் டில்லி வந்து சேரும் காலம் வரை அந்த எழுத்து எட்டவில்லை.