பெட்டியில் லினக்ஸ் என்று போட்டிருக்காது

உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ ஓடும் கணினிக்கு பிரிண்டர் வாங்கப் போனால், பெட்டியின் மேல் பெரும்பாலும் விண்டோஸ், மேக் என்றுதான் இருக்கும். "லினக்ஸில் வேலை செய்யுமா?" என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். அந்தப் பெட்டியில் நீங்கள் தேட வேண்டிய சொல் ஏர்பிரிண்ட்.

ஐபோனிலிருந்து டிரைவர் இல்லாமலே அச்சிட ஆப்பிள் 2010இல் கொண்டுவந்த வசதி அது. ஐபிபி என்ற பொது நெறிமுறைதான் அதற்கு அடிப்படை. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளுக்கும் அது நன்றாகத் தெரியும். அதனால் அப்படிப்பட்ட பிரிண்டரை வைஃபையில் சேர்த்துவிட்டால், புதிய உபுண்டுவோ டெபியனோ தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஏர்பிரிண்ட் இல்லையென்றால் டிரைவர் தேட வேண்டும். ஹெச்பிக்கு ஹெச்பிலிப், எப்சனின் பல மாடல்களுக்கு இஎஸ்சி/பி-ஆர் (escpr) ஆகிய டிரைவர்கள் டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலேயே கிடைக்கின்றன. சில மாடல்களுக்கு நிறுவனத் தளத்திலிருந்து இறக்கும் டிரைவர்தான் கதி. அது இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்காக மட்டும் கட்டப்பட்டிருந்தால் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓடாது.

அடுத்தது செலவு. பிரிண்டரின் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், மையின் விலையைப் பாருங்கள். சிறிய கருப்பு கார்ட்ரிட்ஜ் சிலவற்றில் 120 பக்கம்தான் வரும். அதன் விலை 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு ஏறக்குறைய 6 ரூபாய். அதற்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடையே மேல். இங்க் டேங்க் பிரிண்டரில் நிலைமை வேறு. எப்சனின் 003 கருப்பு மைப் புட்டி 65 மில்லி, சுமார் 4,500 பக்கம் வரும் என்கிறது நிறுவனம். வாங்கும்போது கூடுதலாகக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய், பிள்ளைகள் படிக்கும் வீட்டில் சீக்கிரமே திரும்பிவிடும்.

ஆனால் இங்க்ஜெட்டைச் சும்மா போட்டுவைக்கக் கூடாது. ஒரு கோடை விடுமுறை முழுக்க மூடிக் கிடந்த என் பிரிண்டரில், மை ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கும் நாசில் செக் தாளில் மஞ்சள் கோடுகள் பாதி இடத்தில் அறுந்து அறுந்து வந்தன. மூன்று முறை ஹெட் கிளீனிங் கொடுத்த பிறகே சரியானது. ஒவ்வொரு கிளீனிங்கும் மையைக் குடிக்கும். வாரத்துக்கு ஒரு வண்ணப் பக்கம் அச்சிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. மாதத்துக்கு இரண்டே தாள், அதுவும் கருப்பில்தான் என்றால், கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் வாங்குங்கள்.

முடிந்தால் உங்கள் மடிக்கணினியையே கடைக்கு எடுத்துப் போங்கள். செயல்விளக்கத்துக்கு வைத்திருக்கும் பிரிண்டரில் ஒரு சோதனைப் பக்கம் எடுங்கள். ஸ்கேனையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அச்சு ஒழுங்காக வந்து ஸ்கேனர் மட்டும் தகராறு செய்யும் மாடல்கள் இருக்கின்றன.