கந்தகப் பூட்டும் அதன் திறவுகோலும்

நெசவாளரும் உழவரும் தத்தம் தொழிலில் கையாளும் பொருள்களுள் கந்தகம் ஒன்று. சாயத் தொட்டியில் இடும் ஹைட்ரோஸில் கந்தகம் உண்டு. மிளகாய்ச் செடியில் சாம்பல் நோய் கண்டால் தூவும் பொடியும் கந்தகமே. நம் தலைமயிரிலும் நகத்திலும், வேர்க்கடலைப் பருப்பின் புரதத்திலும் அது கலந்திருக்கிறது. எனினும், இயற்கையில் கந்தகத்தின் பெரும்பகுதி உடனே எடுத்தாளும் நிலையில் இருப்பதில்லை. வேறு பொருளோடு பிணைந்து, பூட்டிய பெட்டியிலுள்ள பணம்போல் கிடக்கிறது. அப்பூட்டுகளுள் ஒருவகையைத் திறக்கும் கருவிக்குச் சல்படேஸ் என்று பெயர்.

உயிரணுக்கள் உண்டாக்கும் நொதிகளுள், அதாவது என்ஸைம்களுள், சல்படேஸ் ஒரு குடும்பம். தான் செலவழியாமல் ஒரு ரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும் புரதமே நொதி. முளைவிட்ட தானியம் இனிப்பதும் நொதியின் வேலைதான். சல்படேஸின் வேலை, ஒரு பொருளோடு ஒட்டியிருக்கும் சல்பேட்டை நீரின் துணைகொண்டு வெட்டி விடுவிப்பதாகும். சிறு வேலைதான். ஆனால் அது நடவாத இடத்தில் இருப்பு இருந்தும் பயனில்லை. இவ்வுண்மை சாயத்திலும், மண்ணிலும், மனித உடலிலும் ஒன்றுபோலவே விளங்குவதை இக்கட்டுரையில் காண்போம்.

சாயம் தந்த நத்தை

பழங்காலத்தில் மத்தியதரைக் கடல் நாடுகளில் மன்னர்கள் உடுத்திய செவ்வூதா ஆடைக்குச் சாயம் தந்தது ஒரு கடல் நத்தை. இன்றைய லெபனானில் உள்ள டயர் நகரத்தின் பெயரால் அச்சாயம் வழங்கியது. 1909ஆம் ஆண்டில் பால் ஃப்ரீட்லேண்டர் என்ற ரசாயன அறிஞர் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயத்தைப் பிரித்தெடுத்தார். அது நம் அவுரி நீலத்தின் உடன்பிறப்பே என்றும், அவுரிப் பொருளில் இரண்டு புரோமின் அணுக்கள் சேர்ந்தால் இச்செவ்வூதா உண்டாகும் என்றும் கண்டார்.

வியப்பு என்னவெனில், உயிரோடுள்ள நத்தையின் சுரப்பியில் ஊதா நிறமே இல்லை. நிறமற்ற ஒரு முன்பொருள், சல்பேட்டோடு பிணைந்த நிலையில் அங்கே இருக்கிறது. சுரப்பியை நசுக்கியதும் அருகிலிருக்கும் சல்படேஸ் அதனோடு கலந்து சல்பேட்டை வெட்டுகிறது. எஞ்சிய பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டு ஊதாவாக மாறுகிறது. 1911இல் தெரியன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இந்நொதியை முதன்முதலில் கண்டறிந்ததும் இவ்வினக் கடல் நத்தையில்தான்.

அவுரித் தொட்டியின் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அவுரி இலையிலும் நீலம் இல்லை. சர்க்கரையோடு பிணைந்த நிறமற்ற பொருளே உண்டு. இலையை ஊறவைத்தால் வேறொரு நொதி சர்க்கரையை வெட்டுகிறது. பின்னர் நீரைக் கலக்கி அடித்துக் காற்றுப்படச் செய்தால் நீலம் தோன்றுகிறது. செடியில் சர்க்கரைப் பூட்டு, நத்தையில் சல்பேட்டுப் பூட்டு என்பதே வேறுபாடு.

மண்ணின் வைப்புக் கணக்கு

இனி உழவரின் நிலத்துக்கு வருவோம். மேல்மண்ணிலுள்ள கந்தகத்தில் பொதுவாக நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மக்கிய இலைதழை, வேர், சாணம், நுண்ணுயிர்களின் உடல் ஆகிய கரிமப் பொருள்களோடு பிணைந்திருக்கிறது. பயிரின் வேர் இதனை அப்படியே உறிஞ்ச முடியாது. கரைந்த சல்பேட்டாக இருந்தால்தான் வேர் ஏற்கும். கூட்டுறவுச் சங்கக் கணக்கின் மொழியில் சொன்னால், கரைந்த சல்பேட் ரொக்கக் கையிருப்பு; கரிமக் கந்தகம் நிரந்தர வைப்பு.

ரொக்கத்துக்கு ஒரு குறை உண்டு. மணற்பாங்கான செம்மண்ணில் சல்பேட் நெடுநாள் தங்குவதில்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. வைப்பிலுள்ள கரிமக் கந்தகமோ மழையில் எளிதில் அடித்துச் செல்லப்படுவதில்லை. கரிமப் பொருள் மக்கும்போது ஒரு பகுதி மெல்ல விடுபடும். சல்பேட் எஸ்டர் எனப்படும் மற்றொரு பகுதியைத் திறப்பது மண்ணிலுள்ள ஆரைல் சல்படேஸ் போன்ற நொதிகள். பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் இதனை உண்டாக்குகின்றன. சல்பேட் குறைந்த இடத்தில் மிகுதியாகச் சுரப்பதும், தாராளமாக உள்ள இடத்தில் சுரப்பை அடக்குவதும் பல பாக்டீரியாக்களின் இயல்பு. அவை மடிந்த பின்னும் நொதியின் ஒரு பகுதி களிமண்ணிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது.

கண்ணுக்குத் தெரியாத இந்நொதியை அளக்க, அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தபதபாய், பிரெம்னர் என்ற இரு அறிஞர்கள் 1970இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒரு கிராம் மண்ணோடு, சல்பேட் பிணைந்த நிறமற்ற நைட்ரோபினைல் சல்பேட்டைச் சேர்த்து, 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைக்கவேண்டும். நொதி சல்பேட்டை வெட்டினால் நைட்ரோபினால் விடுபடும். காரம் சேர்த்து வடிகட்டியதும் அது மஞ்சள் நிறம் காட்டும். மஞ்சள் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு நொதி மண்ணில் உண்டு. எளிய இம்முறையைப் பின்பற்றிப் பல நாடுகளில் மண்ணின் உயிர்ப்பு அளக்கப்படுகிறது.

இவ்வாய்வுகள் உழவருக்குக் கூறும் செய்திகள் இரண்டு. முதலாவது, நொதியின் அளவு மண்ணின் கரிமப் பொருளோடு இணைந்து ஏறி இறங்குகிறது. ஆழம் செல்லச் செல்ல இரண்டும் குறைகின்றன. ஆகவே மேல்மண்ணை இழந்தவர் சத்தையும் திறவுகோலையும் ஒருங்கே இழக்கிறார். இரண்டாவது, வெள்ளி, பாதரசம் முதலிய சில உலோகங்கள் இந்நொதியின் வேலையைத் தடுக்கின்றன என்று தபதபாயும் அவரோடு பணிபுரிந்தவரும் 1979இல் காட்டினார்கள். பாசன நீரில் என்ன கலக்கிறது என்பதை அறிவது, குடிநீருக்குப் போலவே மண்ணுக்கும் வேண்டியதாகும்.

உரப் பையில் மறைந்த கந்தகம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் இன்று தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்றது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இலும், ஒரகடத்தில் 2010இலும் மோட்டார் வாகன உற்பத்தி தொடங்கியது. கண்ணாடியும் மின்னணுப் பொருள்களும் செய்யும் ஆலைகளும் பெருகின. ஆயினும் ஆலைகளுக்கிடையே ஏரிப் பாசனத்தில் நெல்லும், புன்செய்யில் வேர்க்கடலையும் விளைவிக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வீட்டின் இளைஞர் ஆலை வேலைக்குச் செல்ல, முதியோரும் பெண்டிரும் நிலத்தைக் கவனிக்கிறார்கள். மாடு வைத்துப் பராமரிக்க ஆளில்லாத வீட்டில் தொழுவுரம் இல்லை. சங்கத்திலிருந்து வரும் உரப் பையே துணை.

அப்பையில் கந்தகம் உண்டா என்பதே கேள்வி. முன்னாளில் உழவர் கேளாமலே அது வந்துகொண்டிருந்தது. இதே நெடுஞ்சாலையில் மேற்கே உள்ள ராணிப்பேட்டையில்தான் 1906இல் இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை தொடங்கியது. பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தால் கரைத்துச் செய்யும் அவ்வுரத்தில் சுமார் 11 சதவீதம் கந்தகம் உண்டு. 1951இல் சிந்திரி தொழிற்சாலை உற்பத்தி செய்யத் தொடங்கிய அம்மோனியம் சல்பேட்டில் அது 23 சதவீதத்துக்கும் மேல். பின்னர் செறிவு மிகுந்த யூரியாவும் டி.ஏ.பி.யும் பரவின. சுமை குறைந்தது, தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்தன. ஆனால் அவ்விரண்டிலும் பயிருக்குப் பயன்படும் கந்தகம் இல்லை.

காற்றிலிருந்து வந்த கந்தகமும் ஒரு காலத்தில் பயிருக்கு உதவியது. ஐரோப்பாவில் நிலக்கரிப் புகை தூய்மையாக்கப்பட்ட பின், 1980களிலும் 1990களிலும் கடுகினப் பயிர்கள் கந்தகப் பற்றாக்குறையால் வாடின. தூய காற்று நன்மையே. அது விட்ட குறையை உரத்தால் நிரப்பவேண்டும் என்பதே அங்குக் கற்ற பாடம். நம் நாட்டிலும் 2020 ஏப்ரல் முதல் பெட்ரோல், டீசல் எண்ணெய்களில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி நடப்பில் உள்ளது.

ஒரு டன் தானியம் விளைய 3 முதல் 4 கிலோ கந்தகம் போதும். பயறு வகைக்கு 8 கிலோ வேண்டும். எண்ணெய் வித்துக்கோ ஏறக்குறைய 12 கிலோ வேண்டும். ஆகவே கந்தகம் குறைந்தால் முதலில் நட்டப்படுபவர் கடலையும் எள்ளும் பயிரிடுபவரே. இளந்தளிர் வெளுத்து மஞ்சளாவது கந்தகக் குறையின் அறிகுறி. தழைச்சத்துக் குறையில் மஞ்சளாவது முதிர்ந்த அடியிலை. இவ்வேறுபாட்டை அறியாதவர் மேலும் யூரியா இட்டுப் பணத்தை வீணாக்குவர்.

உடலிலும் அதே பூட்டு

மனித உடலில் 17 வகைச் சல்படேஸ்கள் உள்ளன. அணுக்களுள் பழுதான பொருளைப் பிரித்து மீட்கும் சிறு பைகளில் அவற்றுள் பல வேலை செய்கின்றன. ஒன்று பிறவியிலேயே இல்லையெனில், வெட்டப்படாத பொருள் நாளுக்குநாள் தேங்குகிறது. மண்ணில் பயிர் பட்டினி கிடக்க, உடலிலோ தேக்கமே நோயாகிறது.

ஹண்டர் நோயில் மூட்டுகள் விறைக்கும், வயிறு பருக்கும், முகத்தோற்றம் மாறும். இது பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும். ஆரைல் சல்படேஸ் ஏ குறைந்தால் நரம்பின் உறை அழியும். நடக்கத் தொடங்கிய குழந்தை தடுமாறி, கற்ற நடையையும் பேச்சையும் இழக்கும். எல்லாச் சல்படேஸ்களும் வேலை செய்வதற்கு, அவற்றின் மையத்திலுள்ள ஓர் அமினோ அமிலம் சிறப்பாக மாற்றப்படவேண்டும் என்று 1995இல் ஜெர்மானிய அறிஞர்கள் கண்டனர். அம்மாற்றத்தைச் செய்யும் ஜீன் 2003இல் அறியப்பட்டது. அது பழுதானால் எல்லாத் திறவுகோல்களும் ஒருங்கே கெடும்.

இந்நோய்களுள் சிலவற்றுக்கு நொதியையே மருந்தாக ஏற்றும் சிகிச்சை 2005 முதல் வந்துள்ளது. ஹண்டர் நோய்க்கு 2006இல் அது கிடைத்தது. ஆனால் நரம்பு வழி ஏற்றும் அந்நொதி மூளையைச் சென்றடைவதில்லை. செலவும் மிகப் பெரிது. நரம்புறை நோய்க்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜீன் சிகிச்சையின் விலை 42.5 லட்சம் டாலர். அதுவும் நோய் முற்றுமுன் தந்தால்தான் பலன் தரும். இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையின்கீழ், குறிப்பிட்ட மருத்துவ மையங்களில் நோயாளி ஒருவருக்கு 50 லட்ச ரூபாய் வரை உதவி கிடைக்க வழியுண்டு.

இவற்றுள் பெரும்பாலானவை, பெற்றோர் இருவரும் பழுதான ஜீனைச் சுமந்தால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்போடு குழந்தைக்கு வருபவை. மாமன், அத்தை மக்களை மணப்பது வழக்கமாகிய நம் குடும்பங்களில் இவ்வாய்ப்பு மிகுகிறது. ஒரு குழந்தை இவ்வாறு நோயுற்றிருந்தால், அடுத்த மகப்பேற்றுக்கு முன் பெற்றோரும், திருமணத்துக்கு முன் நெருங்கிய உறவினரும் மரபியல் ஆலோசனை பெறுதல் நலம். நோயைத் தெய்வக் குற்றம் என்று எண்ணித் தாயைப் பழிப்பது அறியாமையாகும்.

ஆய்வாளர்களும் இந்நொதியைக் கருவியாகக் கொள்கின்றனர். நம் உடல் சில மருந்துகளையும் ஹார்மோன்களையும் சல்பேட்டோடு பிணைத்துச் சிறுநீரில் கழிக்கிறது. நிலத்து நத்தை ஒன்றின் குடற்சாற்றிலிருந்து எடுத்த சல்படேஸால் அப்பிணைப்பை அறுத்த பின்பே, ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் அவை அளக்கப்படுகின்றன.

சங்கங்கள் செய்யத்தக்கவை

கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பயிர்க்கடனின் ஒரு பகுதியை உரமாகவே தருகின்றன. எந்த உரத்துக்குச் சங்கம் தேவைப்பட்டியல் அனுப்புகிறதோ அதுவே ஊரின் நிலத்தில் விழுகிறது. ஆகவே நிர்வாகக் குழுவின் தீர்மானம் ஒவ்வொன்றும் மண்ணின் கணக்கில் பதிவாகிறது. நான்கு செயல்களைச் சங்கங்களின் கவனத்துக்கு வைக்கிறேன்.

முதலாவதாக, மண் ஆய்வு. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் அளக்கப்படும் 12 இனங்களுள் கந்தகமும் ஒன்று. கிலோ மண்ணில் 10 மில்லிகிராமுக்குக் குறைந்தால் பற்றாக்குறை என்று கொள்வது வழக்கம். வரப்பு, எருக்குழி, மரநிழல் ஆகிய இடங்களை விலக்கி, பத்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணெடுத்துக் கலந்து, அரைக் கிலோ அனுப்பவேண்டும். ஆனால் அவ்வட்டை காட்டுவது ரொக்கக் கையிருப்பை மட்டுமே. வைப்பையும் திறவுகோலையும் அது காட்டாது என்பதை மறக்கலாகாது.

இரண்டாவதாக, கடலைக்கு ஜிப்சம். பயிரிட்ட 40 முதல் 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ செடியோரம் இட்டு மண் அணைக்கவேண்டும். தூய ஜிப்சத்தில் 18.6 சதவீதம் கந்தகமும் 23 சதவீதம் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. காய் திரள்வதற்குச் சுண்ணாம்புச்சத்தும், எண்ணெய்க்குக் கந்தகமும் உதவும். கடலைப் பருவத்துக்கு முன்பே சங்கக் கிடங்கில் அது வந்து சேரவேண்டும். களையெடுத்த பின் வரும் ஜிப்சம் கல்யாணம் முடிந்து வரும் மேளம் போன்றது.

மூன்றாவதாக, டி.ஏ.பி.க்கு மாற்றாகச் சூப்பர் பாஸ்பேட்டையும் தேவைப்பட்டியலில் சேர்க்கலாம். 50 கிலோ மூட்டையில் ஐந்தரைக் கிலோ கந்தகம் கிடைக்கும். 2023இல் அரசு அறிமுகப்படுத்திய, 37 சதவீதம் தழைச்சத்தும் 17 சதவீதம் கந்தகமும் கொண்ட கந்தகம் பூசிய யூரியாவும் கிடைக்கும் இடங்களில் உதவும்.

நான்காவதாக, கரிமப் பொருள். மேற்கூறிய உரங்கள் எல்லாம் ரொக்கமே. அவ்வாண்டோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். திறவுகோலை மண்ணில் நிலைநிறுத்துவது தொழுவுரமும், தக்கைப்பூண்டு, கொளுஞ்சி போன்ற பசுந்தாளும், ஏரி வண்டலுமே. மாடில்லாத வீடுகள் பெருகிவரும் இவ்வட்டாரத்தில் தனியொருவர் எருவுக்கு அலைவதைவிட, பசுந்தாள் விதையைச் சங்கம் மொத்தமாக வாங்கித் தருவதும், அனுமதி பெற்று வண்டல் எடுக்கும் உழவர்களுக்கு வண்டி வாடகையைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்வதும் எளிது. வைக்கோலையும் தாளையும் வயலில் எரிப்பதைத் தவிர்க்கவேண்டும். அத்தீயில் கந்தகமும் புகையாய்ப் போகிறது.

கூட்டுறவு என்பது கடன் கொடுத்து வட்டி வாங்கும் ஏற்பாடு மட்டுமன்று. உறுப்பினரின் நிலம் அடுத்த தலைமுறைக்கும் விளையுமாறு காப்பதும் அதன் கடமை. நிலம் விளைந்தால்தான் கடன் திரும்பும். வரும் பருவத்துத் தேவைப்பட்டியலை எழுதும்போது, யூரியா, டி.ஏ.பி. என்ற இரு வரிகளோடு நிறுத்தாமல், ஜிப்சம், பசுந்தாள் விதை என்ற இரு வரிகளையும் சங்கங்கள் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.