மெதேன் தின்னும் மண்

தம்புள்ளையிலிருந்து குருநாகல் வீதியில் போனால் கலேவெல. வயலும் மரக்கறித் தோட்டமும் சூழ்ந்த ஊர். இப்படி ஓர் ஊரின் குப்பைக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். இலங்கையின் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் அழுகக்கூடியது. மரக்கறிக் கழிவும் சோற்று மிச்சமுமே அதில் அதிகம். அது குப்பைமேட்டின் அடியில் புதைந்ததும் ஒட்சிசன் தீர்ந்துபோகும். காற்றில்லாத அந்த இடத்தில் ஆர்க்கியா எனும் நுண்ணுயிர்கள் மெதேனை உண்டாக்கும். மேட்டிலிருந்து கிளம்பும் வாயுவில் ஏறக்குறைய பாதி மெதேன்தான். எடைக்கு எடை பார்த்தால், 100 ஆண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல்.

மேட்டின் மேல் நல்ல மண் போர்த்தியிருந்தால், மேலேறும் மெதேன் அங்கே வேறு ஒரு கூட்டத்திடம் சிக்கும். மெதேனையே உணவாகக் கொள்ளும் பற்றீரியாக்கள் அவை. 1906இல் நெதர்லாந்தின் சோஹ்ன்கன் இவற்றை முதலில் பிரித்தெடுத்தார். நம் நெல்வயல் மண்ணிலும் வேரோரத்திலும் இவை வாழ்கின்றன.

இவை செய்யும் வேலை வியப்பானது. மெதேன் மூலக்கூறு இலேசில் உடையாது. ஆலைகளில் அதற்கு உயர்ந்த வெப்பம் வேண்டும். இந்தப் பற்றீரியாக்களோ செம்பு கொண்ட ஒரு நொதியத்தால் 30 பாகை வெப்பத்திலேயே அதை மெதனோலாக மாற்றிவிடுகின்றன. அது போமல்டிகைட்டாகும், அதில் ஒரு பங்கு பற்றீரியாவின் உடலாகிறது, மீதி காபனீரொட்சைட்டாக வெளியேறுகிறது. அதுவும் பச்சைவீட்டு வாயுதான், ஆனால் மெதேனோடு ஒப்பிட்டால் தீங்கு மிகக் குறைவு.

இவற்றுக்கு ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும். கோடையில் களிமண் வெடித்தால் மெதேன் வெடிப்பு வழியே நேராக வெளியே போய்விடும். அடைமழையில் மண்துளைகளில் நீர் நிறைந்தால் ஒட்சிசன் உள்ளே இறங்காது. உலர்வலயத்தை ஒட்டிய கலேவெல போன்ற ஊருக்கு இரண்டு தொல்லையும் உண்டு. நன்கு முதிர்ந்த கூட்டுப்பசளையை மண்ணோடு கலந்து போர்த்துவதே இதற்கு வழி. அது ஈரத்தைப் பிடிக்கும், காற்றையும் விடும். முதிராத பசளை கூடாது. அது தான் மட்குவதற்காக ஒட்சிசனைத் தானே எடுத்துக்கொள்ளும்.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பின் குப்பையை எங்கே கொட்டுவது என்று நிறையப் பேசினோம். கொட்டியதன் மேல் எதைப் போடுவது என்று போதிய அளவு பேசவில்லை. பெரிய மேடுகளில் குழாய் இறக்கி வாயுவை எடுத்து எரிக்கலாம். சிற்றூர் மேட்டில் அந்தச் செலவுக்கு ஏற்ற வாயு கிடைப்பது அரிது. அங்கே மண்ணின் இந்த உயிர்களே கைகொடுக்கும்.

அவற்றுக்குப் பசளை வேண்டும். பசளைக்குப் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலக்காத குப்பை வேண்டும். பிரதேச சபை போர்வை போடட்டும். மரக்கறிக் கழிவை வீட்டிலேயே பிரித்துக் கொடுங்கள்.