தண்ணீரைக் குறைத்தால் கசிவு நிற்குமா?

காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்ய இருவர் வேண்டும். ஒருவர் தறிக்குழியில் கால் இறக்கி நெய்வார். பக்கத்தில் இருப்பவர் கரை நாடாவைத் தள்ளுவார். ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நின்றுவிடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கோ புராஸ்டேட் புற்றுநோய்க்கோ சிகிச்சை முடித்துத் தறிக்குத் திரும்புகிறவர் சிறுநீர்க் கசிவால் அடிக்கடி எழ வேண்டியிருந்தால், அந்தச் சங்கடம் சொல்லி முடியாது. கூச்சத்தில் பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள்.

அதனால் கசிவு நிற்காது. அடர்த்தியான சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தி, அவசரத்தைக் கூட்டும். மலச்சிக்கலும் சேர்ந்தால் பைக்கு அழுத்தம் அதிகமாகும்.

ஏன் கசிகிறது?

புராஸ்டேட்டை அகற்றும்போது, சிறுநீரை அடக்கும் சுருக்குத்தசை பலவீனமாகலாம். கர்ப்பப்பை அறுவையில் பைக்குச் செல்லும் நரம்புகள் பாதிக்கப்படலாம். கதிர்வீச்சு பையின் சுவரைப் புண்ணாக்கி, விரியும் தன்மையைக் குறைக்கலாம். இது சில ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம்.

என்ன செய்யலாம்?

முதலில் மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள்: எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது. மருத்துவருக்கு இது பெரிய உதவி.

அடுத்தது இடுப்புத்தளப் பயிற்சி. 1948-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் விளக்கியது இது. வாயு பிரியாமல் அடக்கும்போது இறுகுமே, அந்தத் தசைதான். ஐந்து விநாடி இறுக்கி, ஐந்து விநாடி தளர்த்துங்கள். ஒரு முறைக்கு பத்துத் தடவை, நாளுக்கு மூன்று முறை. வயிற்றை இறுக்கவோ மூச்சை அடக்கவோ வேண்டாம். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். இருமும் முன்னும் தறிக்குழியிலிருந்து எழும் முன்னும் அதே தசையை இறுக்கிக்கொள்ளுங்கள்.

அவசரம் அதிகமென்றால், கழிவறைக்குப் போகும் இடைவெளியைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக மெல்ல நீட்டிப் பழகலாம். காபி, டீயைக் குறையுங்கள். இவை போதாதபோது மாத்திரைகளும் அறுவை முறைகளும் உண்டு.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், சிறுநீர் போகவே முடியாமை, பெண்ணுறுப்பு வழியே இடைவிடாத கசிவு இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

1969-ல் புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. அங்கோ, நீங்கள் சிகிச்சை பெற்ற இடத்திலோ மறுபரிசோதனைக்குப் போகும்போது, "நோய் திரும்பிவிட்டதா?" என்று கேட்பதோடு எழுந்துவிடாதீர்கள். கசிவையும் சொல்லுங்கள். பக்கத்தில் நாடா தள்ளுகிறவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அவர் தெரிந்துகொண்டால், நீங்கள் எழும் நேரத்தில் அவரும் நிம்மதியாக முதுகை நிமிர்த்திக்கொள்வார்.