ஸ்டீரியோவுக்கு ஒரு ப்ரீஆம்ப்: வாங்குமுன் சில கேள்விகள்

ஏலத்தை ஏலம் விடும் ஊர் என்று வண்டன்மேட்டைச் சொல்லலாம். புற்றடி ஏல மையத்தில் காய்க்கு நல்ல விலை கிடைக்கும் மாதங்களில், நெடுநாள் தள்ளிப்போட்ட ஆசைகள் வீடுகளில் தலைகாட்டுவது இயல்பு. பழைய இசைத்தட்டுகளும் கேசட்டுகளும் உள்ள வீட்டில் அந்த ஆசை பெரும்பாலும் ஸ்டீரியோவைப் பற்றியதாக இருக்கும். “ஒரு ப்ரீஆம்ப் போட்டால் ஒலியே மாறிவிடும்” என்ற ஆலோசனையும் எளிதாகக் கிடைக்கும். அந்தப் பெட்டியின் விலை சில ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். ஏலக்காயோ 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏறி, 2022இல் சராசரியாக ஆயிரத்துக்கும் கீழே இறங்கிய பயிர். அத்தகைய வருவாயில் கைவைக்குமுன், அந்தப் பெட்டிக்கு நம் வீட்டில் வேலை உண்டா என்று பார்த்துவிட வேண்டும்.

ப்ரீஆம்ப் எனப்படும் முன்பெருக்கி, ஒலி தரும் கருவிக்கும் ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே நிற்பது. எந்தக் கருவியைக் கேட்பது என்று தேர்ந்தெடுப்பதும், ஒலியளவைக் கூட்டிக் குறைப்பதும், மெல்லிய மின்குறியை வலுப்படுத்துவதும் அதன் பணிகள். இவற்றுள் மூன்றாவது பணியே செலவை நியாயப்படுத்துவது. அது எல்லா வீட்டிலும் தேவைப்படுவதில்லை. சிடி பிளேயர் ஏறத்தாழ 2 வோல்ட் தருகிறது. பல பவர் ஆம்ப்ளிஃபயர்கள் 1 முதல் 2 வோல்ட்டுக்குள் முழுத் திறனை எட்டிவிடுகின்றன. அங்கே மேலும் பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. கேசட் டெக்கும், கொடைக்கானல் பண்பலையைப் பிடிக்கும் ட்யூனரும் தமக்குரிய பெருக்கியை உள்ளேயே கொண்டவை.

இசைத்தட்டின் நிலை வேறு. பரவலாகப் பயன்படும் மூவிங் மேக்னட் வகை ஊசித்தலை ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் மட்டுமே தரும். மூவிங் காயில் வகை பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. முதல் வகையையே நூறு மடங்கு பெருக்கினால்தான் மற்றக் கருவிகளின் அளவுக்கு வரும். அதோடு, தட்டில் பாட்டு உள்ளபடியே பதிந்திருப்பதும் இல்லை. அடிச்சுரங்களை அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று, தட்டில் இடம் போதாது. ஆகவே அவற்றைக் குறைத்தும், உச்சச் சுரங்களை உயர்த்தியும் பதிவார்கள். 1950களில் பொதுவிதியாக நிலைபெற்ற ஆர்ஐஏஏ வளைவு இதற்கான அளவைச் சொல்கிறது: 20 ஹெர்ட்ஸில் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைப்பு, 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ அதே அளவு உயர்வு. இதைத் தலைகீழாகத் திருப்பிச் சமன்செய்வதே ஃபோனோ ப்ரீஆம்ப். அது இல்லாமல் தட்டைக் கேட்டால், தகரத்தில் மணல் தூவியது போன்ற மெல்லிய ஓசைதான் வரும். 78 வேகத்துப் பழந்தட்டுகளுக்கு ஊசியே வேறு. அகன்ற ஊசி வாங்காமல் ப்ரீஆம்ப் வாங்குவதில் பொருளில்லை. ஒற்றைத்தட ஒலியில் பதிந்த பழம்பாடலை எந்தப் பெட்டியும் ஸ்டீரியோ ஆக்காது என்பதையும் சேர்த்துக்கொள்வோம்.

இனி வீட்டிலுள்ள ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தைப் பார்ப்போம். ‘ஃபோனோ’ என்ற துளையும், தரைக்கம்பியை முடுக்கும் சிறு திருகும் இருந்தால், வேண்டியது உள்ளேயே இருக்கிறது. அத்திருகில் டர்ன்டேபிளின் கம்பியை இணைக்காததே பல வீடுகளில் கேட்கும் ‘உம்’ என்ற இரைச்சலுக்குக் காரணம். ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ துளைகள் இல்லையெனில், தனி ப்ரீஆம்பை ‘ஆக்ஸ்’ வழியாகத்தான் செலுத்த முடியும். அப்போது பழைய ப்ரீஆம்பும் பாதையில் நிற்கும். புதியதன் நன்மை பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடும்.

மலையின் ஈரப்பதம் இன்னொரு மயக்கத்தைத் தருகிறது. ஒலிக் குமிழைத் திருப்பும்போது கரகரப்பதும், ஒரு பக்கத்து ஒலி விட்டுவிட்டு வருவதும் ப்ரீஆம்ப் பழுதென்று தோன்றும். பெரும்பாலும் அது குமிழின் தொடுமுனைகளில் படிந்த அழுக்குதான். மெக்கானிக்கிடம் கொடுத்துக் கான்டாக்ட் கிளீனரால் துடைக்கச் சொன்னால் சில நூறு ரூபாயோடு முடியக்கூடிய வேலை.

இத்தனைக்குப் பின்னும் வாங்க வேண்டியிருந்தால், சில நாள்கள் வீட்டில் கேட்டுப் பார்க்க இசையும் கடையை நாடுவோம். பழையதையும் புதியதையும் ஒரே ஒலியளவில் வைத்தே ஒப்பிட வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது சிறந்ததாகக் காதுக்குத் தோன்றிவிடும். தேனியோ மதுரையோ கோட்டயமோ, பழுதானால் எங்கே எடுத்துச் செல்வது என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. மலையிறங்கிப் போய்வரும் செலவும் விலையில் ஒரு பகுதியே.

‘வட்டியில்லாத் தவணை’ என்ற அறிவிப்பைக் கண்டால், ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். கடனுக்குப் பூஜ்ய வட்டி என்ற ஒன்று கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியிருக்கிறது. விட்டுக்கொடுத்த தள்ளுபடியாகவோ, நடைமுறைக் கட்டணமாகவோ அது எங்கேனும் ஒளிந்திருக்கும்.

காய் பறிக்கும் காலத்தின் நடுவிலேயே ஐப்பசி இடிமழையும் வருகிறது. இடி முழங்கத் தொடங்குமுன் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையும், ட்யூனரின் ஆன்டெனாக் கம்பியையும் கழற்றி வைத்துவிடுங்கள்.